ஈரம் காயும் முன்

பிறந்த நொடியில் குழந்தையின் உடம்பில் எவ்வளவு பனிக்குட நீர் ஒட்டியிருக்கும்? தலைமுடி, கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு எல்லாவற்றையும் சேர்த்து 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தேக்கரண்டிதான். துடைக்காமல் விட்டாலும் சிறிது நேரத்தில் தானே காய்ந்துவிடும். ஆனால் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். இது இயற்பியல் பாடத்தில் வரும் சிறிய கலோரி. பிஸ்கட் பாக்கெட்டில் அச்சிடும் கலோரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 கிராமுக்கு 5,800 கலோரி ஆகிறது. அதில் பெரும்பகுதி குழந்தையின் தோலிலிருந்துதான் போயாக வேண்டும். மூன்று கிலோ உடம்பு ஒரு டிகிரி குளிர ஏறக்குறைய 2,500 கலோரி இழந்தால் போதும். வகுத்துப் பாருங்கள், இரண்டு டிகிரிக்கு மேல் வருகிறது.

மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். கோடையில் பானையிடம் நாம் விரும்பிக் கேட்பது, லேபர் வார்டில் ஒரு குழந்தைக்கு நடந்துவிடக் கூடாது.

கருப்பைக்குள் குழந்தையின் உடல்சூடு தாயுடையதைவிட அரை டிகிரி கூடுதலாகவே இருக்கும். அங்கிருந்து ஏசி ஓடும் அறைக்குள் நனைந்தபடி வருகிறது. சரியாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் முதல் 10, 20 நிமிடங்களிலேயே சூடு இரண்டிலிருந்து நான்கு டிகிரி வரை இறங்கிவிடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 36.5 முதல் 37.5 டிகிரி வரை இருக்க வேண்டிய உடம்பு அது. 36.5க்குக் கீழே போனாலே குளிரால் பாதிக்கப்பட்ட குழந்தை என்றுதான் மருத்துவம் கணக்கிடும். பிரசவ அறை குறைந்தது 25 டிகிரி இருக்க வேண்டும், காற்று நேராக வீசக் கூடாது என்பது விதி. கையுறை, கவுன், முகக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு வியர்த்து நிற்பவர்களுக்கு 25 டிகிரி புழுக்கமாக இருக்கும். அதனால் ஏசியைக் குறைத்து வைக்கிறார்கள். அறையின் சூட்டைத் தீர்மானிக்க வேண்டியவர், அதைச் சொல்ல வாயில்லாத அந்த ஒருவர்தான்.

நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கும். தசைகள் வேலை செய்து சூடு பிறக்கும். பிறந்த குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. அதற்குப் பதிலாக, தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலும் கழுத்திலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் பழுப்பு நிறத்தில் ஒரு தனிக் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. சூடு உண்டாக்குவதற்கென்றே அமைந்த கொழுப்பு. ஆனால் அது எரியப் பிராணவாயு வேண்டும், இரத்தத்தில் உள்ள சர்க்கரையும் கூடவே கரையும். இப்போதுதான் மூச்சுவிடக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தை, இன்னும் ஒரு வாய்ப் பால்கூடக் குடிக்காத குழந்தை, இந்தச் செலவைச் செய்கிறது. குளிர் நீடித்தால் சர்க்கரை குறையும், குறைந்தால் சோர்ந்துபோகும், சோர்ந்த குழந்தை பால் குடிக்காது, குடிக்காததால் இன்னும் குளிரும். குறைமாதக் குழந்தைக்குப் பழுப்புக் கொழுப்பும் போதிய அளவு சேர்ந்திருக்காது.

ஆகவே பிறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை துடைப்பது. இதில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு, அதுதான் அடிக்கடி விட்டுப்போகிறது. துணி இரண்டு வேண்டும். முதல் துணியால் தலை, முதுகு, வயிறு, கை, கால் என்று அழுத்தித் துடைத்ததும் அந்தத் துணி நனைந்துவிடுகிறது. அதிலேயே குழந்தையைச் சுற்றி வைத்தால் துடைத்ததன் பலனில் பாதி போய்விடும். ஈரத் துணியை எடுத்து எறிந்துவிட்டு, முன்பே கதகதப்பாக வைத்திருந்த இரண்டாவது துணிக்கு மாற வேண்டும். தலை மட்டும் உடலின் மொத்தத் தோல் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஒரு குல்லா போட்டுவிட வேண்டும். தோலில் ஒட்டியிருக்கும் வெண்ணெய் போன்ற வெள்ளைப் பூச்சைத் தேய்த்து எடுக்கவே கூடாது. அது அழுக்கில்லை. தோலை ஈரப்பதத்தோடு வைத்திருந்து, கிருமிகளையும் தடுக்கும் பூச்சு அது.

துடைத்தாயிற்று. இனி குழந்தையை எங்கே வைப்பது? நம் ஊர்களில் நடப்பதைப் பாருங்கள். எடை பார்க்கும் மெஷினில் வைக்கிறார்கள். காலில் பட்டை கட்டுகிறார்கள். வெளியே காத்திருக்கும் பாட்டியும் அத்தையும், "சிஸ்டர், ஒரு தடவை முகத்தைக் காட்டிடுங்க" என்று கேட்கிறார்கள். வராந்தாவுக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். செல்போனில் படம் எடுக்கிறார்கள். கடைசியில்தான் தாயிடம் வருகிறது. ஒவ்வொன்றும் அன்பால் நடப்பது அல்லது பதிவேட்டுக்காக நடப்பது. ஆனால் இவற்றில் ஒன்றுகூட அவசரமானதில்லை. எடை ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே எடைதான். பிறந்த குழந்தையின் பராமரிப்பில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை வரிசைத் தவறுகள். காத்திருக்கக் கூடிய வேலைகளை ஓடி ஓடிச் செய்துவிட்டு, காத்திருக்க முடியாத இரண்டு மூன்றைத் தள்ளிப்போடுகிறோம்.

குழந்தைக்குரிய இடம் தாயின் வெற்று நெஞ்சு. நடுவில் துணி இல்லாமல், தோலோடு தோலாக, மேலே ஒரு போர்வை. இதைத் தாய்ப்பாசத்தின் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதன் பின்னால் நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட ஒரு நீண்ட சுற்றுப்பாதை இருக்கிறது.

பாரிஸில் ஸ்தெஃபான் தார்னியே என்ற மகப்பேறு மருத்துவர் 1880 வாக்கில் குழந்தைகளுக்கான இன்குபேட்டரைத் தம் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். கோழிமுட்டை பொரிக்க வைக்கும் வெப்பப் பெட்டியைப் பார்த்ததுதான் அதற்குத் தூண்டுதல். சூடாக வைத்தாலே குறைமாதக் குழந்தைகள் பலர் பிழைக்கிறார்கள் என்பதை அந்தப் பெட்டி காட்டியது. 1958இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் சில்வர்மன் அதை முறையான சோதனையாகவே செய்து பார்த்தார். இன்குபேட்டரின் வெப்பநிலையைச் சில டிகிரி கூட்டியதில், பிழைத்தவர்களின் பங்கு சுமார் 15 சதவீதம் உயர்ந்தது. புது மருந்து ஏதும் இல்லை. கொஞ்சம் கூடுதல் சூடு, அவ்வளவுதான்.

சூடுதான் உயிர் என்று அறிவியல் நிரூபித்தது. ஆனால் சூடு என்றாலே பெட்டி என்று மருத்துவமனைகள் புரிந்துகொண்டன. குழந்தை ஓர் அறையில், தாய் இன்னோர் அறையில்.

1978இல் கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்துவந்த பெரிய மருத்துவமனை ஒன்றில் பெட்டிகள் போதவில்லை. ஒரே இன்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைத்தார்கள். ஒரு குழந்தைக்கு வந்த தொற்று பக்கத்தில் இருந்த குழந்தைக்கும் பரவியது. எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர், நிலைமை தேறிய குறைமாதக் குழந்தைகளைத் தாயின் நெஞ்சில் செங்குத்தாகக் கட்டிவைக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு எக்டர் மார்ட்டினஸ் அவரோடு சேர்ந்தார். குட்டியைப் பைக்குள் வைத்து வளர்க்கும் விலங்கின் பெயரால் அது ‘கங்காரு முறை’ ஆயிற்று. பணக்கார நாட்டு மருத்துவர்கள் இதை நெடுநாள் ஏழைகளின் மாற்று ஏற்பாடு என்றே பார்த்தார்கள். பெட்டி வாங்க முடியாதவர்கள் செய்துகொள்வது என்று.

அந்த எண்ணத்தை உடைத்தது 2021இல் வெளியான ஓர் ஆய்வு. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் அதை நடத்தியது. இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் எடையிருந்த 3,211 குழந்தைகள். ஒரு பிரிவினரை வழக்கம்போல முதலில் வார்மரில் வைத்து, நிலைமை சீரான பிறகு தாயிடம் கொடுத்தார்கள். மற்றப் பிரிவினரை, நிலைமை சீராகும்வரை காத்திருக்காமல், பிறந்த உடனேயே தாயின் நெஞ்சில் வைத்துச் சிகிச்சை அளித்தார்கள். முதல் 28 நாளில் இறந்தவர்கள், முதல் பிரிவில் 15.7 சதவீதம், இரண்டாவதில் 12 சதவீதம். நான்கில் ஒரு மரணம் குறைந்திருக்கிறது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால், குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரிப்பதையே இடையில் நிறுத்திவிட்டார்கள். இந்த ஆய்வு மருத்துவத்தைக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிராணவாயு, மருந்து, கண்காணிப்பு எல்லாம் இருந்தன. தாயையும் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில் போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள், அதுதான் வித்தியாசம்.

குழந்தை கதகதப்பாக இருக்கிறதா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் கையில் இல்லாவிட்டால் ஒரு வழி உண்டு. புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் உள்ளங்காலையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே கதகதப்பு என்றால் நல்லது. வயிறு கதகதப்பாகவும் கால் சில்லென்றும் இருந்தால் குழந்தை குளிரோடு போராடிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே சில்லிட்டிருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

மூச்சுக்கு வருவோம். கருவில் நுரையீரல் காற்றால் நிறைந்ததன்று, திரவத்தால் நிறைந்தது. பிரசவ வலி தொடங்கியதும் சுரக்கும் ஹார்மோன்களால் நுரையீரல் அந்தத் திரவத்தைச் சுரப்பதை நிறுத்தி, உறிஞ்சத் தொடங்குகிறது. முதல் சில மூச்சுகள் மீதியை உள்ளே தள்ளிவிடுகின்றன. நூற்றில் சுமார் 85 குழந்தைகள் யாருடைய உதவியும் இல்லாமலே அரை நிமிடத்துக்குள் மூச்சுவிட ஆரம்பித்துவிடும். இன்னும் பத்துக் குழந்தைகளுக்குத் துடைப்பதும் முதுகை நீவிவிடுவதுமே போதும். துடைத்தல் இங்கே இரண்டாவது வேலையையும் செய்துவிடுகிறது. சினிமாவில் காட்டுவதுபோலக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு அடிப்பதற்கு இங்கே இடமே இல்லை. நன்றாக அழுகிற குழந்தையின் வாயிலும் மூக்கிலும் குழாய் விட்டு உறிஞ்சுவதும் வேண்டியதில்லை. தொண்டையின் பின்புறம் குழாய் பட்டால் இதயத்துடிப்பு குறைந்துபோகலாம்.

மிச்சமிருக்கும் ஐந்து பேருக்குத்தான் நம் அவசரமெல்லாம் தேவை. அவர்களுக்கு அம்பு பேக் என்ற, கையால் அழுத்தும் காற்றுப் பையும் சிறிய முகமூடியும் வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் காற்று உள்ளே போக வேண்டும். நிறைமாதக் குழந்தைக்குத் தொடக்கத்தில் சாதாரணக் காற்றே போதும், சிலிண்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். தான்சானியாவில் எட்டு மருத்துவமனைகளின் பிரசவ ஊழியர்களுக்கு இந்த ஒரு நிமிட வேலையைப் பொம்மை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் நிகழும் மரணங்கள் 47 சதவீதம் குறைந்ததாக 2013இல் முடிவு வெளியானது. விலையுயர்ந்த எந்திரங்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கைப்பழக்கத்தைப் பற்றி இன்னும் அதிகம் பேச வேண்டும்.

தொப்புள்கொடியை எப்போது வெட்டுவது என்ற கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் ஒரு மருத்துவர். கொடியைச் சீக்கிரமாகக் கட்டி வெட்டுவது குழந்தைக்குக் கெடுதல் என்று 1801லேயே எழுதிவிட்டார். இருபதாம் நூற்றாண்டின் மருத்துவமனைகள் அதை மறந்து, குழந்தை வெளியே வந்த சில விநாடிகளிலேயே கவ்வியைப் போட்டன. குழந்தை பிறந்த பிறகும் கொடி துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நஞ்சுக்கொடியில் இருக்கும் இரத்தம் குழந்தைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. மூன்று நிமிடத்தில் 80 முதல் 100 மி.லி. வரை வந்துவிடும். மூன்று கிலோ குழந்தையின் மொத்த இரத்தமே 250 மி.லி. அளவுதான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய பங்கு என்று தெரியும். அந்த இரத்தத்தோடு வரும் இரும்புச்சத்து அடுத்த பல மாதங்களுக்கான சேமிப்பு. சுவீடனில் ஓலா ஆண்டர்சன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிமிடம் பொறுத்து வெட்டிய குழந்தைகளில் நான்காவது மாதம் இரும்புச்சத்துக் குறைபாடு இருந்தது 0.6 சதவீதம் பேருக்கு. உடனே வெட்டியவர்களில் 5.7 சதவீதம். சத்துக்குறைவு அரிதான ஒரு பணக்கார நாட்டிலேயே இப்படி. இரத்தசோகை வீட்டுக்கு வீடு இருக்கும் நம் நாட்டில் இந்த மூன்று நிமிடத்தை யாருக்கும் மறுக்கக் கூடாது. குழந்தை மூச்சுவிடாமல் கிடந்து, காற்றுப் பை வேண்டியிருந்தால் மட்டும் இதற்காகக் காத்திருப்பதில்லை.

வெட்டிய பிறகு மிஞ்சும் கொடியில் ஒன்றும் போட வேண்டாம். மஞ்சள், சாம்பல், விளக்கெண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். அது காய்ந்து தானே விழும். சுத்தமில்லாத கருவியும் கொடியில் பூசிய பொருள்களும் கொண்டுவந்த டெட்டனஸ் ஒரு காலத்தில் இந்தியாவில் ஆயிரக்கணக்கான சிசுக்களைக் கொன்றது. கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசியாலும் சுத்தமான பிரசவங்களாலும், சிசுக்களைத் தாக்கும் டெட்டனஸ் இங்கே ஒழிக்கப்பட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது.

தாயின் நெஞ்சில் கிடக்கும் குழந்தையை அப்படியே விட்டுவிட்டுக் கவனித்தால் ஒன்று நடக்கும். முதலில் சற்று நேரம் அசையாமல் கிடக்கும். பிறகு கண் திறக்கும், கையை வாயில் வைக்கும், காலால் உந்தும். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மார்பைத் தேடிப் போகும். வழிகாட்டுவது பெரும்பாலும் வாசனை. பனிக்குட நீரின் வாசனைக்கும் மார்புக்காம்பைச் சுற்றியுள்ள சுரப்பிகளின் வாசனைக்கும் ஒற்றுமை உண்டு. 1994இல் ஒரு சோதனையின் முடிவு வெளியானது. தாயின் ஒரு மார்பைக் கழுவிவிட்டு, மற்றதைக் கழுவாமல் விட்டார்கள். 30 குழந்தைகளில் 22 பேர் கழுவாத மார்பையே தேடிப் போனார்கள். பனிக்குட நீரின் வாசனை கையில் இருக்கட்டும் என்றுதான் துடைக்கும்போது குழந்தையின் உள்ளங்கைகளை மட்டும் விட்டுவிடச் சொல்கிறார்கள். தாயின் மார்பைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பால் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் பெரியவர்கள் இதை அறிய வேண்டும்.

முதலில் வரும் சீம்பால் கொஞ்சம்தான் வரும், சில தேக்கரண்டி. பார்ப்பவர்களுக்கு அது போதாது என்று தோன்றும். குழந்தைக்குப் போதும். நோய் எதிர்ப்புப் புரதங்கள் செறிந்த மஞ்சள் நிறப் பால் அது. கானாவில் 10,947 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் நாளே தாய்ப்பால் தொடங்கினால் சிசு மரணங்களில் 16 சதவீதத்தையும், முதல் ஒரு மணி நேரத்திலேயே தொடங்கினால் 22 சதவீதத்தையும் தவிர்க்கலாம் என்று அது கணக்கிட்டது.

இந்த இடத்தில்தான் சேனை குறுக்கே வருகிறது. குடும்பத்தில் நல்ல குணமுள்ள ஒரு பெரியவர் சர்க்கரைத் தண்ணியையோ தேனையோ தொட்டுக் குழந்தையின் நாவில் வைத்தால் அவருடைய குணம் வரும் என்பது நம்பிக்கை. கழுதைப்பால் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் தேனில் பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களை ஒன்றும் செய்யாத அவை சிசுவின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யக் கூடியவை. ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது. காய்ச்சாத கழுதைப்பாலும் கிருமிகளுக்கு வழிதான். பெரியவர் ஆசி தர வேண்டுமென்றால் தலையில் கை வைத்து ஆசி தரட்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு.

மற்றவை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு. வைட்டமின் கே ஊசி தொடையில் ஒன்று, பெரும்பாலும் 1 மி.கி.; சிசுவின் உடம்பில் அந்தச் சத்து மிகக் குறைவு, தாய்ப்பாலிலும் அதிகம் இல்லை, அது இல்லாவிட்டால் குடலிலோ மூளையிலோ இரத்தம் கசியலாம். மஞ்சள்காமாலை பி தடுப்பூசி 24 மணி நேரத்துக்குள். பிசிஜி, போலியோ சொட்டு மருந்து வீடு திரும்புவதற்குள். எடை, தலைமுதல் கால்வரை ஒரு பரிசோதனை. குளிப்பாட்டுவது குறைந்தது 24 மணி நேரம் கழித்து.

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இது பெரிய சாதனை. பல தலைமுறைக் கிராமச் செவிலியர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. அதே கணக்கெடுப்பில், முதல் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 60.2 சதவீதம்தான். மருத்துவமனைக்குள்ளேயே, டாக்டரும் நர்ஸும் பக்கத்தில் இருக்கும்போதே, பத்தில் நான்கு குழந்தைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் கைநழுவிப் போகிறது. இதற்கு ஒரு காரணம் சிசேரியன். அதே கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றில் 45 பிரசவங்கள் அப்படி. முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்துத்தான் இருக்கிறார். ஆபரேஷன் மேசையிலேயே, தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே, குழந்தையை அவர் நெஞ்சில் வைக்க முடியும். தாயால் முடியாத நிலையில் தந்தையின் நெஞ்சும் அதே கதகதப்புதான்.

உங்கள் வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால், அடுத்த செக்கப்புக்குப் போகும்போதே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்: குழந்தையைத் துடைத்ததும் தாயின் நெஞ்சில் வைப்பீர்களா, சிசேரியன் என்றாலும் வைப்பீர்களா, கொடியை வெட்டப் பொறுப்பீர்களா? வலி வந்த பிறகு இதையெல்லாம் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.